பேஸ்பாலில் அவுட்ஃபீல்டில் நிற்கும் பிள்ளைக்கு யாரைப் பற்றிச் சொல்லலாம்?

கோத்தகிரி பி.டி. மாஸ்டர்:
எங்கள் மைதானத்துக்குக் கீழே தேயிலைத் தோட்டம். மூடுபனி இறங்கினால் பந்தே தெரியாது. அவுட்ஃபீல்டில், அதாவது பேஸ்களுக்கு அப்பால் மைதானத்தின் தூரப் பகுதியில், நிற்கும் பிள்ளை, "சும்மாதானே நிற்கிறேன் சார்" என்று கண் கலங்குகிறாள். எந்த பேஸ்பால் வீரரைக் காட்டட்டும்?

குன்னூர்க்காரன்:
டோனி க்வின், சார். 1982 முதல் 2001 வரை சான் டியேகோ பாட்ரஸ் அணிக்கு மட்டுமே ஆடினார். 3,141 ஹிட் (பந்தை அடித்து பேஸை எட்டியது), லீகிலேயே அதிக பேட்டிங் சராசரிக்கான பட்டம் 8 முறை. ஆனால் அவளிடம் முதலில் சொல்ல வேண்டியது, அவுட்ஃபீல்டின் வலப்பக்கமான ரைட் ஃபீல்டில் நின்று வாங்கிய 5 கோல்டு க்ளவ், அதாவது சிறந்த ஃபீல்டிங்குக்கான விருது. தன் ஆட்டத்தை வீடியோவில் திரும்பத் திரும்பப் பார்த்துத் திருத்திக்கொண்டவர். அப்புறம், படித்த பல்கலைக்கழகத்திலேயே பயிற்சியாளரானார். 2014இல் இறக்கும்வரை அதே பொறுப்பு.

ஊட்டி அக்கா:
அவளையும் போனில் படம் எடுங்கள், தம்பி.

கோத்தகிரி பி.டி. மாஸ்டர்:
எடுத்தேன், அக்கா. பந்து தலைக்கு மேலே போகும்போதும் முதல் அடியை முன்னால்தான் வைக்கிறாள். அந்தத் தப்பை அவளே பார்த்துக் கண்டுபிடித்தாள்.