புதுப்பிப்பு: கார்டில் எடுத்து வீட்டுக் கடனில் போடுவது

கிரெடிட் கார்டில் வட்டியில்லாத் தவணைக்குப் பணம் எடுத்து, வீட்டுக் கடனின் ஃபிளெக்சி கணக்கில் (அதில் கிடக்கும் பணத்தைக் கழித்து மீதிக் கடனுக்கே வட்டி; வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம்) போட்டுவைத்தால் வட்டி குறையுமா என்று முன்பு கேட்டிருந்தேன். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் உள்ள என் வீட்டுக்கு அது வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

கார்டில் எடுப்பது 20,000 வெள்ளி (ரிங்கிட்), 12 மாதம், வீட்டுக் கடன் வட்டி 4 விழுக்காடு. பார்த்தவுடன் 800 வெள்ளி மிச்சம் என்றுதான் தோன்றும். ஆனால் மாதாமாதம் தவணை கட்டக் கட்ட, கணக்கில் கிடக்கும் பணம் கரைகிறது. உண்மையில் குறையும் வட்டி ஏறத்தாழ 433 வெள்ளிதான். வங்கி கேட்ட 3 விழுக்காட்டு முன்கட்டணமோ 600! வட்டி இல்லை என்றார்களே தவிர, செலவு இல்லை என்று அவர்கள் எங்கே சொன்னார்கள்?

இங்கே ஓர் அண்ணன் சொன்ன வழியைப் பிடித்துக்கொண்டேன். சம்பளம் முழுவதும் ஃபிளெக்சி கணக்கில். மளிகை, பெட்ரோல், மின்கட்டணம் எல்லாம் கார்டில். கெடு நாளில் கார்டு பாக்கி முழுவதும் அந்தக் கணக்கிலிருந்து தானாகக் கழிந்துவிடும். கெடு தவறினால் ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வட்டி என்பதால் அதில் மட்டும் விளையாட்டுக் கூடாது. வீட்டுக் கடன் வட்டியை அன்றன்றைய பாக்கியின் மேல் கணக்கிடுவதால், 2,500 வெள்ளிச் செலவு 30 நாள் தள்ளிப்போனால் 8 வெள்ளி சொச்சம் மிஞ்சும். எட்டு வெள்ளிக்கா இந்த ஆர்ப்பாட்டம் என்கிறார் வீட்டம்மா.

முன்கட்டணமே இல்லாத சலுகை யாருக்காவது கிடைத்திருந்தால் சொல்லுங்கள், மறுபடியும் கணக்குப் போடலாம்.