மிச்ச சீஸில் ஃப்ரொமாஜ் ஃபோர்: சாப்பிட்டவர்கள், செய்தவர்கள் சொல்லுங்கள்

லியோன்வாசி:
ஃப்ரொமாஜ் ஃபோர் என்றால் ‘வீரியமான சீஸ்’, மிச்ச சீஸ் துண்டுகளை ஒயினோடு கலந்து ரொட்டியில் தடவிச் சாப்பிடும் பிரெஞ்சுப் பண்டம். நேரே விஷயத்துக்கு வருகிறேன். லியோனுக்கு வடக்கே மாகோன் பக்கம், நண்பனின் தாத்தா வீடு. சாப்பாடு முடிந்ததும் மிஞ்சிய ஆட்டுப்பால் சீஸையும் கொம்தே என்னும் கெட்டிச் சீஸில் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினார். நானும் பின்னாலேயே போனேன். பீங்கான் ஜாடியின் மூடியைத் திறந்தார் பாருங்கள், அந்த வாடையில் என் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் முகம் அசையவே இல்லை. துண்டுகளைப் போட்டு, வெள்ளை ஒயின் கொஞ்சம் ஊற்றி, மரக்கரண்டியால் அடியிலிருந்து கிளறினார். ஜாடி முழுதாகக் காலியாவதே இல்லையாம். நம் வீட்டு உறைமோர் மாதிரி, பழையது புதியதைப் புளிக்க வைக்கிறது. ரொட்டியில் தடவிக் கொடுத்தார். மிளகாயே இல்லாமல் நாக்கு சுட்டது. இப்படி ஊறியதை வேறு யாராவது சாப்பிட்டிருக்கிறீர்களா?

குசினிக்காரன்:
நான் பரிஸ் நகரத்தில் ஓர் உணவகக் குசினியில் வேலை. சீஸ் தட்டில் திரும்பி வருகிற காய்ந்த முனைகளைப் புதிதாக வந்த பொடியன் ஒருவன் குப்பை வாளியில் கொட்டப் போனான். செஃப் ஓடிவந்து அவன் மணிக்கட்டைப் பிடித்த பிடி இருக்கிறதே! ஏசவில்லை. உள்ளி, மிளகு, வெள்ளை வைன் எல்லாவற்றையும் எடுத்து, அந்த முனைகளோடு மெஷினில் அரைத்து, பாணில் பூசி, மேலிருந்து சூடு வருகிற அடுப்பில் பொங்கவிட்டு அவனுக்கே முதலில் கொடுத்தார். ஊறவைக்கவே இல்லை. அன்று செய்தது அன்றே முடிந்தது. ஜாடி எல்லாம் எதற்குத் தம்பி?

பூண்டுப்பல்:
குசினிக்காரன் அண்ணா, நீங்கள் சொல்வது அவசர முறை. அமெரிக்காவில் அதைப் பரப்பியவர் ஜாக் பெப்பேன் என்னும் சமையல் கலைஞர். 1935இல் பிரான்சின் பூர்-காங்-ப்ரெஸ்ஸில் பிறந்தவர். அவருடைய அப்பாவோ மிச்ச சீஸோடு லீக்ஸ் (தடித்த வெங்காயத்தாள் மாதிரி ஒரு காய்) வேகவைத்த தண்ணீர், ஒயின், பூண்டு சேர்த்து, குளிர்ந்த நிலவறையில் ஒரு வாரத்துக்கு மேலும் ஊறவைப்பாராம். மகன் அந்த ஊறலை விட்டுவிட்டு மிக்சியைப் பிடித்தார். சுவையான பண்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் ‘ஃபோர்’ என்னும் அந்த வீரியம் புளிப்பில்தான் வருகிறது. தென் பிரான்சின் ப்ரோவான்ஸில், வோந்தூ மலைப்பக்கம், பிராந்தி விட்டுப் புளிக்கவைத்த ‘கஷா’ என்னும் சீஸ் சாப்பிட்டேன். முதல் வாய்க்கே காது சூடானது. லியோன்வாசி சொல்வதை முழுதாக நம்புகிறேன்.

சமையல்மேசை:
போன கிறிஸ்துமஸுக்கு மறுநாள் செய்தேன், தட்டு காலி. சரி, செய்யப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கால் கிலோ சீஸுக்கு ஒரு பல் பூண்டு, கால் கப் ஒயின் போதும். பச்சைப் பூண்டு ஃப்ரிட்ஜில் இருக்க இருக்க ஏறும், எனவே கூட்டாதீர்கள். நீலப்பூசண சீஸை நகத்தளவு போடுங்கள், அதற்குமேல் போனால் மற்றது எதுவும் தெரியாது. கொம்தே மாதிரி கெட்டியானவற்றைத் துருவிக்கொள்ளுங்கள், அதன் தோலையும் மெழுகுப் பூச்சையும் வெட்டி எறியுங்கள். ப்ரீ, கமம்பேர் போன்ற மென்மையான சீஸ்களின் வெள்ளைத் தோல் அப்படியே அரைபடும். கெட்டிச் சீஸ் மட்டும் இருந்தால் கலவை மணல்மணலாக நிற்கும், கொஞ்சம் வெண்ணெயோ கிரீம் சீஸோ சேர்த்தால் இறுகிச் சேரும். உப்பைக் கடைசியில், ருசி பார்த்த பிறகுதான் யோசிக்க வேண்டும், பெரும்பாலும் தேவைப்படாது. ஒயின் வேண்டாதவர்களுக்கு லீக்ஸ் தண்ணீர் நன்றாகவே வேலை செய்யும். ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். கர்ப்பிணிகளுக்குப் பச்சைப்பால் சீஸ் சேர்த்ததைக் கொடுக்கவே கூடாது, லிஸ்டீரியா என்னும் நோய்க்கிருமியின் ஆபத்து உண்டு. நிலவறை ஜாடியை நம் சமையலறைச் சூட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

லியோன்வாசி:
சமையல்மேசை அக்கா, நான் ஜாடி வைப்பது எப்படி என்று கேட்கவில்லையே. ஊறியதைச் சாப்பிட்டவர்கள் உண்டா என்றுதான் கேட்டேன். பூண்டுப்பல் ஒருவர்தான் பதில் சொல்லியிருக்கிறார்.

துளசிமாடம்:
நான் ஊறியதைச் சாப்பிடவில்லை, வேறொன்று சொல்ல வேண்டும். லியோனில் ஒரு விருந்து. சுத்த சைவமான என் மாமியார் இதை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டார். அப்புறம்தான் பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: கொம்தே, ரொக்ஃபோர் போன்றவற்றில் பாலைத் திரைப்பது கன்றின், ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட். மாமியார் கரண்டியை வைத்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. மிச்சங்கள் கலந்த பண்டத்தில் எது எதிலிருந்து வந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. அதனால் நுண்ணுயிர் ரென்னட் போட்ட சீஸ்களின் மிச்சத்தை மட்டும் தனி டப்பாவில் சேர்த்து, லீக்ஸ் தண்ணீர் விட்டு வீட்டிலேயே அரைத்தேன். மாமியார் தோசைக்குத் தொட்டுக்கொண்டார்.