கழிமுகச் சேற்றில் வரைந்த ஓவியத்தில் உப்புப் பூக்கிறது

காசிமேடு, மாடி அறை. 4க்கு 3 அடி கேன்வாஸ், அடிப்பூச்சாக ஜெஸ்ஸோ இரண்டு கோட். அலையாத்தி வேர்களுக்குள் சுருண்டு படுத்திருக்கும் கர்ப்பிணி. வேருக்கும் வயிற்றுக்கும் எண்ணூர் கழிமுகச் சேறு, அக்ரிலிக் மீடியத்தோடு (நிறத்தைக் குழைக்கும் பசை) சரிபாதி. பத்தாம் நாள், கெட்டியாகப் பூசிய வயிற்று மடிப்பில் மட்டும் வெள்ளைப் பொடி. ஈரத்துணியில் துடைத்தால் போகிறது. கடற்காற்று அடித்துக் காய்ந்ததும் திரும்ப வருகிறது.

சேற்றை மூன்று முறை கலக்கித் தெளியவைத்து, மல் துணியில் வடிகட்டித்தான் சேர்த்தேன். ஊற்றியது போர்வெல் தண்ணீர், அதுவே தப்பாக இருக்கலாம். ஒரு மூலையில் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடித்ததில் உப்பு அடியிலேயே நின்று படலம் மங்கிவிட்டது. அதே மீடியத்தில் குழைத்த செங்காவிக்கு ஒன்றும் ஆகவில்லை. (நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லாதீர்கள், அந்தச் சேற்றில் அனல்மின் நிலையச் சாம்பலும் உண்டு.)

சேற்றிலிருந்து உப்பு முழுசாகப் போய்விட்டதா என்று மீடியம் சேர்ப்பதற்கு முன்பே எப்படிச் சோதிப்பது?