புதுப்பிப்பு: இராணுவப் பயிற்சிக்குக் கிடைத்த கிரெடிட்

அமெரிக்கத் தரைப்படையில் வாகன மெக்கானிக்காகப் பணியாற்றிய என் தம்பிக்கு, அந்தப் பயிற்சி கல்லூரிப் பட்டத்துக்குக் கிரெடிட்டாக, அதாவது பட்டம் பெறச் சேர்க்க வேண்டிய பாட மதிப்பலகாக, கணக்கில் வருமா என்று சென்ற ஆண்டு இங்கே கேட்டிருந்தேன். வந்தது, ஆனால் முதல் முயற்சியில் அல்ல.

உங்கள் ஆலோசனைப்படி ‘ஜாயின்ட் சர்வீசஸ் டிரான்ஸ்கிரிப்ட்’ எனும் இராணுவப் பயிற்சிப் பதிவை இலவசமாகப் பெற்றோம். ஒவ்வொரு பயிற்சியின் கீழும், எந்தப் பாடத்தில் எத்தனை கிரெடிட் தரலாம், அது எந்த நிலைக்குரியது என்று அமெரிக்கக் கல்விக் கவுன்சிலின் பரிந்துரை அச்சாகியிருந்தது. அது பரிந்துரை மட்டுமே. ஏற்பதும் மறுப்பதும் கல்லூரியின் முடிவு. முதலில் விண்ணப்பித்த பல்கலைக்கழகம் ஏறக்குறைய எல்லாக் கிரெடிட்டையும் ஏற்றுக்கொண்டு, அனைத்தையும் விருப்பப் பாடங்களில் சேர்த்துவிட்டதால், படிக்க வேண்டிய முதன்மைப் பாடம் ஒன்றுகூடக் குறையவில்லை. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத் தம்பி வெகுநேரம் பேசவே இல்லை.

பிறகு வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கும் ஒரு சமுதாயக் கல்லூரியில் (ஈராண்டுப் படிப்புகள் தரும் கல்லூரி), பிரேக், டீசல் எஞ்சின் பயிற்சிகளின் விவரப் பக்கங்களைத் துறைத் தலைவரிடமே நேரில் காட்டினோம். அவர் தம் பாடத்திட்டத்தை அருகில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டு, நான்கு முதன்மைப் பாடங்களுக்கு விலக்கு அளித்தார். ஆகவே, “எத்தனை கிரெடிட் ஏற்பீர்கள்?” என்று கேட்காதீர்கள்; “எந்தப் பாடத்துக்கு ஈடாக ஏற்பீர்கள்?” என்று, சேர்வதற்கு முன்பே, எழுத்தில் கேளுங்கள். ‘9/11-க்குப் பிந்தைய ஜி.ஐ. பில்’ எனும், படையில் பணியாற்றியவர்களுக்கான அரசுக் கல்வி உதவி பொதுவாக 36 மாதங்களுக்கே என்பதால், தெரிந்த பாடத்தை மறுபடி படிப்பது அந்த மாதங்களைத் தின்றுவிடும்.

விமானப்படையிலும் இப்படித்தானா என்று கேட்டவருக்கு: அங்கே வழி வேறு. 1972-இல் தொடங்கிய விமானப்படைச் சமுதாயக் கல்லூரியே தொழிற்பயிற்சியைக் கணக்கில் கொண்டு அசோசியேட் எனும் ஈராண்டுப் பட்டம் வழங்குகிறது.

தம்பிக்கு இன்னும் இரண்டு பருவங்கள் மீதமிருக்கின்றன.