15 சதவீதம் கொடுத்தா வியாபாரம் தானா ஓடுமா?

பாலாறு தோல்கடை (பேரணாம்பட்டு):

நேத்து இங்க, வியாபாரப் பாடம் நடத்தற கோட்டைவாசல்ங்கறவர் எழுதினத படிச்சதுலேர்ந்து எரிச்சல் அடங்கல. "சரக்கு செய்றவங்க 15 சதவீதம் கமிஷன் ஒதுக்கி வெச்சா போதும். விக்கறதுக்கு யூடியூப்காரங்க, இன்ஸ்டாகாரங்க தேடி வருவாங்க. போட்டோ, வெப்சைட், விளம்பரம் எல்லாம் ஃப்ரீலான்ஸ் பசங்க பாத்துப்பாங்க. ஓனர் பார்சல் ஒட்டினா போதும்." இதான் அவர் சொன்னது. ஒரு செருப்புப் பட்டறைக்குள்ள கால் வெச்சிருந்தா இப்படி எழுத வராது.

கணக்கு போட்டே காட்றேன். எங்க ஆம்பள சாண்டல் 999 ரூபா. அதுக்குள்ளயே ஜிஎஸ்டி 5 சதவீதம், 47 ரூபா சொச்சம் போச்சு. தோல், சோல், பசை, தையல் கூலி சேத்து 480. டப்பா, கவர் 35. கூரியர் 90. ஆன்லைன்ல பணம் வாங்கித் தர்ற பேமென்ட் கேட்வேக்கு 20. கையில நிக்கறது 326. அதுல 999க்கு 15 சதவீதம்னா 150 ரூபா. மிச்சம் 176.

இதோட முடிஞ்சுதா? பத்து ஜோடி அனுப்பினா ரெண்டு "சைஸ் சரியில்ல"ன்னு திரும்புது. போக வர கூரியர் ஜோடிக்கு 180, என் தலையில. கூட்டிக் கழிச்சா அனுப்பற ஜோடிக்கு 105 ரூபாதான் நிக்குது. விளம்பரம் பாக்கற பையனுக்கு மாசம் 12,000 கொடுக்கணும்னா நூத்துப் பதினஞ்சு ஜோடி ஓடினாத்தான் அவன் கூலியே தேறும். என் கூலி எங்க? யார் பாக்கெட்டுலேர்ந்து வருது அந்த 15?

கோட்டைவாசல் (சத்துவாச்சாரி):

பாய், மரியாதையோட கேக்கறேன். மெட்ராஸ் ஹோல்சேல்காரருக்கு இதே 999 ரூபா சாண்டல 600க்கு தள்றீங்களே, அது எத்தனை சதவீதம்? அது வலிக்கல, 15 மட்டும் வலிக்குதா? வித்தா கமிஷன், விக்கலன்னா பைசா கிடையாது. கடைக்கு வாடகை, அட்வான்ஸ், கரண்ட் பில், ரெண்டு ஆள் சம்பளம் எல்லாம் வித்தாலும் விக்காட்டியும் கொடுக்கணும். இந்த வித்தியாசம் தெரியாம பேசினா எப்படி? லிங்க் போட்டு வித்துக் கொடுத்தா கமிஷன்ங்கற இந்தக் கூட்டாளித் திட்டத்த அமேசான் 1996லயே ஆரம்பிச்சுட்டான். உலகமே இதுல ஓடுது. நம்ம ஊர்ல மட்டும் 15 சதவீதம்னா மயக்கம் வருது.

பாலாறு தோல்கடை:

ஹோல்சேல்காரர் லாரியில ஏத்தினதோட சரி. சைஸ் சரியில்லன்னு ஒத்தச் செருப்பத் திருப்பி அனுப்ப மாட்டார். ரொக்கம் கையில. நீ சொல்ற 15 சதவீதத்துல கூரியர் திரும்பற செலவு இருக்கா? இல்ல. அத மறைச்சிட்டு பேசற. அமேசான் பேர இழுக்காத தம்பி. அவனுக்கு வகைக்கு ஒரு ரேட்டு. திருப்பி அனுப்பின சரக்குக்கு கூட்டாளிக்கு கமிஷனே கிடையாது.

காட்பாடி கேமரா:

நான் அந்த 15 சதவீதம் வாங்கற கட்சி. என் பக்கமும் கேளுங்க. 15 பத்தாது.

ஒரு வீடியோவுக்கு செருப்ப நனைச்சுக் காட்டணும், மடக்கிக் காட்டணும், ஒரு வாரம் போட்டு நடந்துட்டு அடிப்பாகத்த க்ளோசப்ல காட்டணும். பாக்கறவன் லிங்க்க தட்டி, வெல பாத்துட்டு மூடிடறான். சம்பளம் வந்ததும் நேரா வெப்சைட்டுக்குப் போய் வாங்கறான். எனக்கு பூஜ்யம். அமேசான்ல கிளிக் பண்ணி 24 மணி நேரம்தான் கணக்கு. அதுக்குள்ள ஷாப்பிங் கார்ட்ல போட்டு வெச்சாத்தான் பின்னாடி வாங்கினாலும் நமக்கு வரும். தனிக்கடை வெச்சிருக்கறவங்களாவது 30 நாள் கொடுக்கலாம்ல? நான் கேட்டப்ப எல்லாம் "பாக்கலாம் தம்பி"தான் பதில். கடைக்காரங்களுக்கு எங்க வேலை கண்ணுக்கே தெரியறதில்ல.

பாலாறு தோல்கடை:

வந்துட்டார் 20 கேக்கறவர். நான் 15க்கே அழுதுகினு இருக்கேன்.

வாலாஜா கணக்கர்:

ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொண்டு பேசுங்கள். 15 சதவீதம் எதன் மேல்? ஜிஎஸ்டி சேர்ந்த விலை மீதா, சேராத விலை மீதா? ஆர்டர் விழுந்ததற்கா, சரக்கு சேர்ந்து திரும்பக் கொடுக்கும் கெடு முடிந்ததற்கா? தோல்கடைக்காரர் 999க்குக் கணக்குப் போடுகிறார். வரி நீக்கிய 951க்குப் போட்டால் கமிஷன் 143தான். இதை எழுத்தில் முடிவு செய்யாமல் 15 அதிகமா குறைவா என்று எப்படிச் சொல்வது?

கோட்டைவாசல்:

சார், 15ன்னா 15. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். சின்னக் கடைக்கு வருஷ வியாபாரம் 40 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டியே தேவையில்லையே, இதுல சேத்து சேக்காம எங்க வருது?

வாலாஜா கணக்கர்:

தவறு. சரக்கைத் தமிழ்நாட்டுக்கு வெளியே ஒரு ஜோடி விற்றாலும் முதல் ரூபாயிலிருந்து பதிவு வேண்டும். கைவினைப் பொருள் என்று அரசு அறிவித்த சிலவற்றுக்குத்தான் விலக்கு. 40 லட்சம் என்பது மாநிலத்துக்குள் விற்பவருக்கு. நீங்கள் பாடம் எடுக்கிற பிள்ளைகளிடமும் இப்படித்தான் சொல்கிறீர்களா? கமிஷனுக்கு டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி, என்று ஒன்று உண்டு என்பதாவது சொன்னீர்களா? 5 சதவீதமாக இருந்தது, 2024 அக்டோபரிலிருந்து 2 ஆனது. முந்தைய வருஷ வியாபாரம் ஒரு கோடி தாண்டிய தனிநபர் பிடித்தாக வேண்டும்.

என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

குடியாத்தம் டிசைனர்:

"ஃப்ரீலான்ஸ் பசங்க பாத்துப்பாங்க." இந்த ஒரு வரிதான் என்ன இங்க எழுத வெச்சுது. இன்னாத்த பாத்துக்கணும்? எதுல பாத்துக்கணும்?

நம்ம பக்கத்துல பர்ஸ், பெல்ட் விக்கற ஒருத்தர் போன வருஷம் என்கிட்ட வெப்சைட்டுக்கு வேண்டிய எழுத்து முழுக்க எழுதி வாங்கினார். ஒவ்வொரு பர்ஸுக்கும் எத்தனை கார்ட் நிக்கும், தையல் எங்க ரெண்டு ஓட்டு போட்டிருக்கு, மழையில நனைஞ்சா எப்படிக் காய வைக்கணும், எல்லாம். கடைசில "வித்தா உனக்கும் 15 சதவீதம் தரேன் மா, நீயும் பார்ட்னர்தான்"னார். நான் கூலிக்கு வந்தவ, பார்ட்னர் எப்ப ஆனேன்? இன்னிக்கு வரைக்கும் காசு வரல, என் எழுத்து அந்த வெப்சைட்ல நிக்குது.

தெரிஞ்சுக்கோங்க. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஃப்ரீலான்சர் எழுதின எழுத்துக்கு எழுதினவங்கதான் உரிமையாளர். கையெழுத்துப் போட்டு மாத்திக் கொடுத்தாத்தான் கடைக்காரருக்குப் போகும். எத்தனை வருஷத்துக்குன்னு எழுதலன்னா 5 வருஷம்தான் கணக்கு.

பாலாறு தோல்கடை:

அம்மா, உங்க காசு வராதது தப்பு. ஆனா அதே சட்டத்துல போட்டோ காசு கொடுத்து எடுக்கச் சொன்னவனுக்குத்தான் சொந்தம். என்கிட்ட ஒரு பையன் படம் எடுத்துட்டு, ஒரிஜினல் ஃபைல் வேணும்னா தனியா காசுன்னான். அதையும் சொல்லுங்க.

குடியாத்தம் டிசைனர்:

போட்டோ சரி. வேற ஒப்பந்தம் இல்லாத வரைக்கும் உங்களுதுதான். நான் பேசறது எழுத்த. அண்ணே, பேச்ச மாத்தாதீங்க. உத்யம்னு மத்திய அரசோட சிறுதொழில் பதிவு இருக்கற சின்னத் தொழிலுக்கு, எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல இழுக்கக் கூடாது. இழுத்தா கூட்டு வட்டி. நான் இப்ப பதிவு போட்டு வெச்சிருக்கேன். இனிமே எவனாவது "பார்ட்னர்"னு ஆரம்பிச்சா பாதிப் பணம் முன்னாடி வந்தாத்தான் ஃபைல தொடுவேன்.

ஆம்பூர்க்காரன்:

இவ்ளோ நேரமா படிச்சுகினு வரேன். பேரணாம்பட்டுப் பட்டறை, ஆனா வெப்சைட்ல "ஒரிஜினல் ஆம்பூர் சாண்டல்"னு பெருசா போட்டிருக்கீங்களே பாய், அதுக்கு எத்தனை சதவீதம் தரீங்க எங்களுக்கு?

பாலாறு தோல்கடை:

எங்க வாப்பா ஆம்பூர்ல தோல் வெட்டினவர். அவர் கையில கத்துகினதுதான் என் வெட்டு. 2019ல மாவட்டத்த மூணா பிரிச்சாங்க, ஆம்பூர் திருப்பத்தூருக்குப் போச்சு, நாங்க வேலூர்லயே நின்னோம். அதனால தோல் வேற ஆயிடுமா? எல்லாம் வட ஆற்காட்டுத் தோல்தான். அஞ்சு நிமிஷத்துல ஊர்ப் பெரும பேச வந்துட்ட. 15க்கு பதில் இருந்தா சொல்லு.

ஆம்பூர்க்காரன்:

வட ஆற்காடுன்னு எழுதி வித்துப் பாருங்க, எவன் வாங்கறான்னு தெரியும். பேர் எங்களது, லாபம் உங்களது.

கோட்டைவாசல்:

ஊர் சண்டைய விடுங்க. நான் ஆதாரத்தோட பேசறேன். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு எதிர்ல, காந்தி ரோட்டுல நடந்து பாருங்க. வங்காளத்துல போர்டு, வங்காளச் சாப்பாடு. கொல்கத்தாவுலேர்ந்து, வடகிழக்குலேர்ந்து, பங்களாதேஷ்லேர்ந்து வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்குல தங்கறாங்க. கூட வந்தவங்களுக்கு நேரம் போகல. லாட்ஜ் ரிசப்ஷன்ல ஒரு சின்ன அட்ட, அதுல க்யூஆர், லாட்ஜுக்குன்னு ஒரு கூப்பன் கோட். ஆர்டர் ஊர் போய்ச் சேந்தப்புறம் அவங்க வீட்டுக்கே போகுது. லாட்ஜ்காரருக்கு கோட் கணக்குல கமிஷன். கூகுளுக்கு ஒரு பைசா விளம்பரம் கட்டல. நானே ரெண்டு கடைக்கு செஞ்சு கொடுத்திருக்கேன். இதுக்கு 15 சதவீதம் கசக்குதா?

பாலாறு தோல்கடை:

அந்த ரெண்டு கடையில ஒண்ணு என் கடை. அத ஏன் சொல்லல?

இப்ப நான் சொல்றேன், எல்லாரும் கேளுங்க. ஹவுரா பக்கம் ஒருத்தர் நாலு ஜோடி வாங்கினார். வந்த வழி ஒரு வங்காள யூடியூப்காரரோட லிங்க். பணம் கட்டறப்ப போட்டது லாட்ஜ் கூப்பன். மாசக் கடைசில யூடியூப்காரர் 15 கேட்டார், லாட்ஜ்காரரும் 15 கேட்டார். ரெண்டும் சேந்து ஜோடிக்கு 300. எனக்கு நின்னது 26 ரூபா! ஜோடிக்கு 26! அதுல தைக்கறவருக்கு ஒரு டீ, வடை வாங்கித் தர முடியுமா? அந்த சிஸ்டத்த வெச்சுக் கொடுத்தது யாரு? இந்த கோட்டைவாசல்தான். கேட்டா "செட்டிங்ஸ்ல பாத்துக்கலாம் பாய்"னார். இன்னும் பாத்துகினே இருக்கார்.

கோட்டைவாசல்:

கடைசியா எந்த வழியில வந்தானோ அவனுக்குத்தான் கமிஷன்னு ஒரு ரூல் போட்டா முடிஞ்சுது. நீங்கதான் லாட்ஜ்காரர் பழக்கம்னு ரெண்டு பேருக்கும் கொடுத்தீங்க. அது உங்க தாராளம், என் சிஸ்டத்து மேல பழி போடாதீங்க. இதுக்கும் 15க்கும் சம்பந்தமே இல்ல.

காட்பாடி கேமரா:

கடைசில வந்தவனுக்கா? அப்ப ஆள கூட்டி வந்தவன் கதி? செருப்ப ஒரு வாரம் போட்டு நடந்து காட்டினவன் நான், கடைசி நிமிஷம் கூப்பன நீட்டினவனுக்கு முழுப் பணமா? இதுக்குத்தான் சொல்றேன், 15 பத்தாது.

வாலாஜா கணக்கர்:

வீடியோ போடுகிற தம்பிக்கு ஒன்று. கமிஷன் வாங்கிக்கொண்டு காட்டினால் அது விளம்பரம் என்று வீடியோவிலேயே, வீடியோ எந்த மொழியோ அந்த மொழியில் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் நுகர்வோர் துறை வெளியிட்ட வழிகாட்டுதல். ஏமாற்றுகிற விளம்பரம் என்று முடிவானால் முதல் முறை அபராதம் 10 லட்சம் வரை போகும். உங்கள் வீடியோக்களைப் பார்த்தேன். "என் சொந்த அனுபவம்" என்று மட்டும்தான் இருக்கிறது.

காட்பாடி கேமரா:

கீழ டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு சார். படிக்காதவங்களுக்கு நான் என்ன பண்றது?

வாலாஜா கணக்கர்:

கீழே ஒளித்து வைத்தால் போதாது என்றுதான் அந்த வழிகாட்டுதலே சொல்கிறது. படிக்காதது யார்?

குடியாத்தம் டிசைனர்:

ஆளாளுக்கு 15, 20ன்னு பேசறீங்க. செஞ்ச வேலைக்கு கூலி தராதவரப் பத்தி ஒரு வார்த்த இல்ல. கோட்டைவாசல் அண்ணே, அந்த பர்ஸ் கடைக்கு என்ன அறிமுகப்படுத்தினது நீங்கதான். அறிமுகத்துக்கு உங்களுக்கு 15 போச்சா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.

கோட்டைவாசல்:

அது எனக்கும் அவருக்கும் உள்ள விஷயம் மா. இங்க பேச வேணாம்.

பாலாறு தோல்கடை:

ஏன் பேச வேணாம்? கடைக்காரன்கிட்ட கமிஷன், அறிமுகத்துக்கு கமிஷன், பாடம் நடத்த ஃபீஸ். தோல் வாங்கினது நான், கூரியர் கட்டினது நான், காசு வராம நிக்கறது அந்தப் பொண்ணு. பார்சல் ஒட்டினா போதும்னு எழுதின கைக்கு ஒரு நாளாவது பசை ஒட்டியிருக்கா?

திரும்பவும் கேக்கறேன். 999ல 15 எங்கேர்ந்து வருது? வெல ஏத்தச் சொன்னா 1,150க்கு எவன் வாங்கறான்? தோல கொறச்சு ரெக்ஸின் போடச் சொன்னா அது என் பட்டறையில நடக்காது. வேற வழி இருந்தா வரிசையா எழுது.

கோட்டைவாசல்:

எழுதத்தான் போறேன். நாளைக்கு தனித் தலைப்புல, முழுக் கணக்கோட. 15 சதவீதத்துல ஓடற கடைங்க இருக்குன்னு காட்றேன்.

வாலாஜா கணக்கர்:

எழுதும்போது அந்த 15 எதன் மேல் என்று முதல் வரியில் போடுங்கள்.

பாலாறு தோல்கடை:

என் கடைய அந்தப் பட்டியல்ல சேக்காத. சேத்தா அந்த 26 ரூபா பில்ல அப்படியே கீழ ஒட்டுவேன்.