ரங்கூன் போர்க் கல்லறையில் இருக்கும் அந்த ஒயர்லெஸ் இளைஞர் யார்?

கம்பைவாசி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பாயிக்கு இப்போது 88 வயது. பிறந்து வளர்ந்ததெல்லாம் பர்மாவின் ஐராவதி கழிமுகத்தில், பசீனுக்குப் போகும் ஆற்றுவழியில் இருந்த ஒரு சிற்றூரில். அவருடைய தகப்பனார் அங்கே ஓர் அரிசி ஆலையில் மேஸ்திரியாக இருந்தார். ஜப்பான்காரன் காலத்தில் இரவானால் ஆலை விளக்குகளின் மேல் சாக்கைப் போர்த்துவார்களாம். மேலே போகும் விமானம் யாருடையது என்பதை உறுமலை வைத்தே பெரியவர்கள் சொல்லிவிடுவார்களாம். தை மாதத்து இரவு ஒன்றில், ஆற்றுக்கு அப்பால் அலையாத்திக் காட்டின் மேல் தீப்பந்தம் போல ஒன்று சரிந்து விழுந்ததைத் தாம் பார்த்ததாக அப்பாயி சொல்வார். சில நாள் கழித்து, அதிலிருந்து பிழைத்த வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பிடித்துத் தலையை வெட்டிவிட்டார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். "அதுகளுக்கு ஒரு விளக்கு வைக்க ஆளில்லாமல் போயிற்று" என்பதை இன்னும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ரங்கூன் நகருக்குள்ளேயே இருக்கும் போர்க் கல்லறையில், இப்படிப் பிடிபட்டுக் கொல்லப்பட்ட ஒருவர் ஜார்ஜ் கிராஸ் என்னும் பிரிட்டிஷ் வீர விருதோடு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்று அண்மையில் ஒருவர் சொன்னார். அவர் யார், என்ன ஆனார் என்று தெரிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன். அப்பாயி சொல்லும் விமானமும் அவருடைய விமானமும் ஒன்றாக இருக்குமா?

மோல்மேன் மைந்தன்:

தம்பி, நீங்கள் கேட்பவர் மேஜர் ஹியூ சீக்ரிம். 1942-ல் ஆங்கிலேயப் படை பின்வாங்கியபோது அவர் போகாமல், பர்மாவின் கரேன் இன மக்கள் வாழும் மலையிலேயே தங்கி, அவர்களைத் திரட்டினார். தம்மைத் தேடிக் கரேன் ஊர்களை ஜப்பானியர் சித்திரவதை செய்வதைப் பொறுக்க மாட்டாமல், 1944 மார்ச்சில் தாமே சரணடைந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று ரங்கூனில், கரேன் தோழர்கள் ஏழு பேரோடு அவரைக் கொன்றார்கள். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் கொடுக்கப்பட்டது. கல்லறையும் நீங்கள் சொல்லும் இடத்தில்தான் இருக்கிறது.

ஏட்டுக்காரன்:

மோல்மேன் ஐயா எழுதியது அத்தனையும் சரி. ஆனால் தம்பி கேட்டவர் அவரல்லர். சீக்ரிம் தரைப்படை அதிகாரி. அதே கல்லறைத் தோட்டத்தில் ஜார்ஜ் கிராஸ் பெற்ற இன்னொருவரும் இருக்கிறார். இருவரையும் ஒருவராக எண்ணிக்கொள்வது இங்கே வழக்கமாகிவிட்டது, நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் பெயர் ஸ்டான்லி ஜேம்ஸ் உட்பிரிட்ஜ். 1921 ஆகஸ்டில் லண்டன் செல்சியாவில் பிறந்தவர். போர் வந்திராவிட்டால் பர்மா என்ற பெயரைப் பள்ளி வரைபடத்துக்கு வெளியே அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அரச விமானப் படையின் தன்னார்வ ரிசர்வில் சேர்ந்து, ஒயர்லெஸ் இயக்குபவராகப் பயிற்சி பெற்று, பிளைட் சார்ஜென்ட் நிலையில் 159-ஆவது ஸ்குவாட்ரன் என்னும் விமானப் பிரிவுக்கு வந்தார். அந்த ஸ்குவாட்ரன் வங்காளத்து டிக்ரி தளத்திலிருந்து லிபரேட்டர் என்னும் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்களைப் பறக்கவிட்டது. அவை எவ்வளவு தொலைவு போய் வந்தன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1944 அக்டோபரில் இதே ஸ்குவாட்ரனின் 15 விமானங்கள் பினாங்கு துறைமுகத்தில் கண்ணிவெடி போட்டுவிட்டுத் திரும்பின. போக வர 3,000 மைலுக்கு மேல், பெரும்பகுதி கடலின் மேல். பொழுது விடிந்து அடையும் வரை காற்றிலேயே கிடக்கும் வேலை அது.

1945 ஜனவரி 31 அன்று அவருடைய விமானம் பர்மாக் காட்டில் விழுந்தது. உட்பிரிட்ஜோடு சேர்த்து ஆறு பேர் ஜப்பானியரிடம் பிடிபட்டார்கள். ஆறு பேருமே துன்புறுத்தப்பட்டார்கள். பிறகு அவர்களில் அதிகாரி நிலையில் இல்லாத நால்வரைத் தனியே பிரித்துக் காட்டுக்குக் கொண்டுபோய், மேலும் வதைத்து, தலையை வெட்டினார்கள். நாள் பிப்ரவரி 7. விமானம் விழுந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. உட்பிரிட்ஜுக்கு வயது 23.

நால்வரிலும் அவரைத்தான் அவர்கள் விடாமல் துளைத்தார்கள். ஒயர்லெஸ் கருவி எப்படி இயங்குகிறது, இரகசியக் குறியீடுகள் என்ன, எந்த அலைவரிசையில் பேசுகிறார்கள் என்பவை அவர்களுக்கு வேண்டியிருந்தன. அதற்கென்றே தொழில்நுட்ப அதிகாரி ஒருவரையும் மொழிபெயர்ப்பாளர் இருவரையும் அமர்த்தினார்கள். கடைசி விசாரணை வெட்டுமிடத்திலேயே நடந்தது. கொல்லத்தான் போகிறார்கள் என்று தெளிவாகத் தெரிந்த பிறகும் அவர் ஒரு செய்தியையும் சொல்லவில்லை. கொல்வதானால் விரைவாகக் கொல்லுங்கள் என்பதுதான் கடைசியாக அவர் சொன்னது என்று விருது அறிவிப்பில் பதிவாகியிருக்கிறது. அந்த அறிவிப்பு 1948 செப்டம்பர் 28 அன்று வெளிவந்தது. நான் இதை முதன்முதலில் படித்தபோது என் மனத்தை உலுக்கியது வாளன்று, அந்த இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள்தாம். வாய் திறக்காத ஒருவன் முன்னால் எதை மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் அவர்கள் நின்றிருப்பார்கள்.

விக்டோரியா கிராஸ் ஏன் இல்லை என்று சிலர் கேட்பதுண்டு. அது போர்க்களத்து வீரத்துக்கு. ஜார்ஜ் கிராஸ், வழக்கமான போர் விருதுகளுக்குள் அடங்காத துணிவுக்காக 1940-ல் ஏற்படுத்தப்பட்டது. மதிப்பில் இரண்டும் சமம். ஹாங்காங்கில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்து, வதைக்கப்பட்டும் அசையாமல், 1943-ல் கொல்லப்பட்ட இந்தியப் படையின் கேப்டன் மத்தீன் அகமது அன்சாரிக்கும் இதே விருதுதான் கிடைத்தது.

இனி அப்பாயியின் விமானம். தை மாதம் என்றதும் ஜனவரி 31 அதற்குள் வந்துவிடுகிறது, மனம் உடனே ஒட்டவைக்கப் பார்க்கும். அவசரப்பட வேண்டாம். அந்தப் போரில் கழிமுகத்திலும் அதைச் சுற்றியும் விழுந்த விமானங்கள் ஒன்றிரண்டல்ல, தை மாதமும் ஆண்டுக்கு ஒருமுறை வரும். எந்த ஆண்டு என்பதற்கு வேறு பிடி ஏதாவது கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்: ஆலை ஓடிக்கொண்டிருந்ததா, அந்த மழைக்காலத்துக்கு முன்பே ஆங்கிலேயர் திரும்பிவிட்டார்களா என்று. 1945 மே மாதத் தொடக்கத்தில் ரங்கூன் கைமாறிவிட்டது. விமானம் விழுந்து மூன்றே மாதத்தில் கொடி மாறியதாக நினைவிருந்தால் ஆண்டு பொருந்தும். அப்போதும் ஆண்டுதான் பொருந்தும், விமானம் அதுதான் என்று ஆகிவிடாது.

கடலோடி:

நான் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பல்களில், புள்ளியும் கோடுமாகச் செய்தி தட்டி அனுப்பும் மோர்ஸ் முறை 1999-ல் முடிவுக்கு வந்தது. அதுவரை அந்தச் சாவியைத் தட்டியே பிழைத்தேன். ஏட்டுக்காரர் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் ஒயர்லெஸ்காரனிடம் அப்படி என்ன பெரிய இரகசியம் இருந்துவிடப் போகிறது என்று படிப்பவர்கள் நினைக்கக்கூடும்.

குண்டுவீச்சு விமானத்தில் ஒயர்லெஸ்காரனின் வேலையில் முக்கால் பங்கு கேட்பதுதான். தான் அனுப்பினால் எதிரி திசை கண்டுபிடித்துவிடுவான் என்பதால், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பென்சிலும் தாளுமாக, இரைச்சலுக்குள்ளிருந்து தன் தளத்தின் அழைப்பைப் பொறுக்கி எடுத்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். எந்த நேரத்தில் எந்த அலைவரிசைக்கு மாற வேண்டும், தளத்தின் அழைப்புக்குறி என்ன, இன்றைய குறியீடு என்ன என்பதெல்லாம் அவன் தலைக்குள் இருக்கும். விமானி பிடிபட்டால் ஒரு விமானம் போனதோடு சரி. ஒயர்லெஸ்காரன் வாய் திறந்தால், மறுநாள் இரவு கிளம்பும் மற்ற விமானங்கள் பேசுவதை எல்லாம் எதிரி பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது போல ஆகிவிடும். அவற்றில் இருப்பவர்கள் முந்தின வாரம் வரை அவனோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள்.

குறியீட்டை மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். மாற்றுவார்கள்தான். ஆனால் அது தினமும் மாறினாலும், மாற்றும் முறை ஒன்று இருக்குமல்லவா? அதுதான் அந்தத் தொழில்நுட்ப அதிகாரிக்கு வேண்டியிருந்திருக்கும். ஒரு பொய்யைச் சொல்லி நாலு நாள் உயிரைத் தள்ளிப்போட்டிருக்கலாமே என்று நான் பல முறை யோசித்ததுண்டு. எதிரில் இருப்பவனுக்கும் தொழில் தெரியும் என்றால், பொய்யைக்கூட உண்மையை ஒட்டித்தான் சொல்லியாக வேண்டும். அதில் எது எங்கே கசியும் என்று வதைபடும் நேரத்தில் யாரால் கணக்குப் போட முடியும்? வாயை மூடிக்கொள்வது ஒன்றுதான் ஓட்டையில்லாத வழி. தொழில்காரனாக என் கருத்து இது.

மோல்மேன் மைந்தன்:

என் தவற்றைத் திருத்தியதற்கு நன்றி. ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானியர் ரங்கூனில் குண்டு போட்டபோது துறைமுகத்தில் செத்தவர்களில் நம் கூலிக்காரர்கள் எத்தனை பேர்! பிறகு இந்த லிபரேட்டர்களும் அதே ரங்கூனின் மேல்தானே குண்டு போட்டன? கீழே இருந்த நம்மவர்களுக்கு எந்தக் கல்லறையில் பெயர் பொறித்தார்கள்?

ஏட்டுக்காரன்:

கோபமில்லை ஐயா, நியாயமான கேள்வி. துறைமுகத்தில் செத்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. படையில் இருந்தவர்களுக்காவது ரங்கூனுக்கு வடக்கே தவுக்கியான் என்னும் ஊரின் போர்க் கல்லறையில் உள்ள ரங்கூன் நினைவு மண்டபத்தின் தூண்களில் பெயர் இருக்கிறது. உடல் கிடைக்காத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் அங்கே இருக்கின்றன, அவர்களில் மிகப் பலர் இந்தியப் படையினர். கூலிக்காரர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. அதற்காக உட்பிரிட்ஜைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. அப்பாயியும் எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று பார்த்து விளக்கைப் பற்றிப் பேசவில்லையே.

கம்பைவாசி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு அப்பாயியிடம் கேட்டேன். ஆண்டு நினைவில்லை என்கிறார். ஆனால் விமானம் விழுந்த பிறகு வந்த சித்திரையில் ஆலையின் ஜப்பானிய மேற்பார்வையாளர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டதாகவும், அவர் விட்டுப்போன மிதிவண்டியைத் தம் அண்ணன் ஓட்டிக் கற்றுக்கொண்டதாகவும் சொன்னார். ஆண்டு ஏறக்குறையப் பொருந்துகிறது என்றே நினைக்கிறேன். விமானத்தைப் பற்றி ஏட்டுக்காரர் அண்ணன் சொன்னபடி எதையும் முடிவு செய்யவில்லை.

வரும் ஞாயிறு அவரை வண்டியில் அழைத்துப் போகிறேன். அகல் விளக்கும் எண்ணெயும் எடுத்து வைத்துவிட்டார். அங்கே ஏற்றலாமா?

ஏட்டுக்காரன்:

கல்லின் மேல் வேண்டாம் தம்பி. எண்ணெய் பட்டால் கறை போகாது, பராமரிப்பவர்களும் தடுப்பார்கள். பூ வைக்கலாம். முதலில் தோட்டக்காரரிடம் பெயரைச் சொன்னால் வரிசையைக் காட்டுவார், வெயிலில் அப்பாயியை நடக்கவிட்டுத் தேட வேண்டாம். விளக்கை வீட்டுக்குத் திரும்பியதும் அவர் கையால் ஏற்றச் சொல்லுங்கள். பிடிபட்டு வெட்டப்பட்டவர்கள் நால்வர், ஆகவே நான்கு அகலாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.