இடுப்பு வரை முடி, தோளில் ஒரே பை. தலைக்குக் குளிக்க என்ன வழி?

அடுத்த மாதம் மூன்று வாரப் பயணம். ஒரே பைதான், அதையும் விமானத்துக்குள் கையோடு கொண்டுபோகிறேன். பெரும்பாலான விமான நிலையங்களில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவப் புட்டியை உள்ளே விடமாட்டார்கள். ஷாம்புவை விடுங்கள், என் முடிக்கு அந்த அளவு கண்டிஷனர் ஒரு வாரம்கூட வராது.

திரவக் கணக்கில் சேராதே என்று போன முறை ஒரு ஷாம்பு கட்டி வாங்கிப்போனேன். அது சோப்பு வகை என்பது அப்புறம்தான் உறைத்தது. போன இடத்தில் கடினநீர். சோப்பு அந்தத் தண்ணீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து முடியில் வெள்ளையாகப் படிந்துவிட்டது. சீப்பு இறங்கவே இல்லை! சோப்பு சேராத ஷாம்பு கட்டியில் இந்தத் தொல்லை இருக்காதாம். நீண்ட முடிக்கு யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? ஈரக் கட்டியைப் பையில் எப்படி வைப்பீர்கள்?

காயவைப்பதும் பெரும்பாடு. இரவு குளித்தால் காலையிலும் அடிமுடி ஈரமாகவே இருக்கிறது. ஈரத்தோடு இறுக்கிப் பின்னினால் முடி அறுகிறது, வாடையும் வருகிறது. மைக்ரோஃபைபர் துண்டு ஒன்று போதுமா?

வெட்டிவிடு என்ற யோசனை வீட்டிலேயே கிடைத்துவிட்டது, அதைத் தவிர எதுவானாலும் சொல்லுங்கள்.